ஒரிஜினல் நரிக்கொம்பு

அக்காவின் மகன் விளக்கமறியலில் இருந்த மாதங்களில்தான் நான் நரிகளுக்காகவும் ஓடித் திரிந்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். தெமட்டகொடையில் அவன் ஏற்றிய ஒருவன், வழியில் பொலிஸ் சோதனையைக் கண்டதும் பையை ஆசனத்தில் போட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டான். பைக்குள் போதைத்தூள் இருந்தது. அகப்பட்டவன் இவன். அதன் பிறகு தவணைக்குத் தவணை பிணை கேட்பதும், மறுக்கப்படுவதும், சட்டத்தரணி "அடுத்த தவணை பாப்பம் அம்மா" என்று கோட்டைச் சரிசெய்துகொண்டு நடப்பதுமாக இருந்தது. அந்த மனிதரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழும்பிப் போய்விடுவாள். வீட்டில் அவளும் சுவரும்தான்.

நான் வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். எங்கள் ஒழுங்கையில் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், பாமன்கடையிலிருந்து வரும் ஓர் ஆசிரியை, நான், இன்னும் சில அயலவர்கள். ஒவ்வொரு பருவத்திலும் இறகு முளைக்காத கிளிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு வீடு வீடாக விற்க வரும் ஒருவனை மறிப்பதற்காகத் தொடங்கியது அது. "காகம் குருவிக்கும் சங்கம் வைக்க வெளிக்கிட்டாச்சோ?" என்று முதலில் எல்லாரும் பகிடி பண்ணினார்கள். நாங்கள் விடவில்லை. கதவு கதவாகத் தட்டிக் கதைத்தோம். கடைசியில் ஒழுங்கையில் ஒருவரும் வாங்காமல் விட, அவனும் வராமல் விட்டான். அந்த வெற்றி எங்களுக்குத் தலைக்கேறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்ததாக நரிக்கொம்பில் கைவைத்தோம். நரிக்கு ஏது கொம்பு? ஆனால் தமிழர், சிங்களவர் என்ற பேதமில்லாமல் இந்த நாட்டில் எல்லாரும் ஒத்துப்போகிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று. வீட்டில் நரிக்கொம்பு இருந்தால் வழக்கு வெல்லும், நகை களவு போகாது என்பார்கள். விரல் நுனியளவு எலும்பு, அதைச் சுற்றிக் கொஞ்சம் மயிர். பேஸ்புக்கில் படம் போட்டு விற்கிறார்கள், கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரும்பாலானவை மாட்டுக்கொம்பை அராவி நாய்மயிர் ஒட்டியவை. சில மட்டும் உண்மையாகவே நரியைக் கொன்று, மண்டை ஓட்டில் புடைத்திருக்கும் எலும்பை வெட்டி எடுத்தவை.

நரி பாவம் என்று சொல்லிப் பார்த்தோம். சட்டத்தைச் சொல்லிப் பார்த்தோம். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போதுதான் குழுவில் எல்லாருமாக ஒரு முடிவுக்கு வந்தோம்: எங்கள் சனத்துக்கு நரி செத்தால் நோகாது, ஏமாந்தால் நோகும். விற்பதெல்லாம் போலி என்று காட்டினால் வாங்கமாட்டார்கள்.

ஒரு போயா விடுமுறை தினத்தில் டியூட்டரி வகுப்பு மண்டபம் ஒன்றை எடுத்து, மேசை முழுக்கப் போலிக் கொம்புகளைப் பரப்பினோம். நல்ல கூட்டம். அக்காவும் வந்து பின்வரிசையில் இருந்தாள். ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, பசை எங்கே, அரம் பட்ட இடம் எங்கே என்று விளக்கினேன். "உண்மையானது எண்டால் மண்டை ஓட்டோட ஒட்டிக்கொண்டு இருக்கும். அதுக்கு ஒரு நரி சாக வேணும்," என்றேன். கைதட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா என் கையைப் பிடித்து ஒரு மூலைக்குக் கூட்டிப்போனாள். கைப்பைக்குள் இருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தாள். உள்ளே மயிரோடு ஒரு கொம்பு.

"இதிலயும் பசை கிடக்கு, பார்," என்றாள். "அதுதான் பிள்ளைக்குப் பிணை கிடைக்கேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. பிணை தராதது நீதவான், நரி இல்லை என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் சொன்ன ஒன்றும் அவளுக்குள் இறங்கவில்லை.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அடுத்தடுத்த நாட்களில் தொலைபேசி ஓயவில்லை. "தங்கச்சி, அப்ப ஒரிஜினல் எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார்கள். பாமசியில் இத்தனை வருடம் நின்றவள் நான். ஒரு மாத்திரை தரமில்லை என்று சொன்னால் மருந்தே வேண்டாம் என்று எழும்பிப் போன நோயாளியை நான் கண்டதில்லை. நல்லதைத் தா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். தெரிந்திருந்தும் இது எனக்கு மூளையில் ஓடவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு விற்பவர்களின் பக்கம் ஒன்றில் என்னையே கண்டேன். என் வீடியோவை வெட்டி, "உண்மையானது எண்டால் மண்டை ஓட்டோட" என்று நான் சொல்லும் இடத்தை மட்டும் ஓடவிட்டு, கீழே மண்டை ஓட்டுப் படங்களைப் போட்டிருந்தார்கள். முறைப்பாடு செய்தோம். அந்தப் பக்கம் மூடப்பட்டது, வேறு பெயரில் இன்னொன்று திறந்தது. வவுனியாப் பக்கம் எங்களைப் போலவே ஓர் ஊர்க்குழு இருந்தது. குளக்கட்டில் செத்துக் கிடந்த நரிகளை அவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒன்றுக்கும் தலை இல்லை. ஆசிரியை படத்தைப் பார்த்துவிட்டு அழுதார். நான் பாமசி மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த தவணைக்கு முதல் நாள் பின்னேரம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். மேசையில் ஒரு பொதியை வைத்துப் பழைய சேலைத் துண்டைப் பிரித்தாள். மண்டை ஓடு. பற்கள் சின்னதாக, வெள்ளையாக இருந்தன. பின்பக்கம் மயிரோடு ஒரு புடைப்பு. உப்பும் இறைச்சியும் கலந்த மணம் அடித்தது.

"நீ சொன்ன மாதிரியே பாத்து எடுத்தனான். இது உண்மையானதோ எண்டு மட்டும் சொல்லு."

"ஆரிட்ட வாங்கினனீங்கள்?"

"அதைக் கேக்காதை."

கேட்டாலும் என்னால் என்ன செய்திருக்க முடியும்? விற்றவனைப் பிடித்துக் கொடுத்தால் வாங்கியவளையும் இழுப்பார்கள். மகன் உள்ளே, தாயையும் உள்ளே அனுப்புவதா? போலி என்று சொன்னால் அவள் இன்னொன்றைத் தேடிப் போவாள், இன்னொரு நரி சாகும். என் வாழ்க்கையில் அப்படிக் கையும் காலும் கட்டுண்டு நின்றதில்லை. அவளுடைய கண்ணைப் பார்க்காமல், "ஓம் அக்கா, உண்மையானதுதான்," என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

இனிமேல் தேடமாட்டாள் என்று நம்பினேன். அன்று அவள் என்னிடம் புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் தட்டு வெறுமையானது.

மறுநாள் அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வாங்கில் இருந்தாள். மகனைக் கொண்டுவந்தார்கள். மெலிந்துபோயிருந்தான், தாயைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். பிணை மறுக்கப்பட்டது. சட்டத்தரணி கோட்டைச் சரிசெய்தார்.

வெளியே வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா அழவில்லை. வீட்டுக்குப் போய்க் குப்பையில் போடுவாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் கைத்தொலைபேசியை எடுத்து விற்றவனோடு கதைத்தாள், தலையை ஆட்டினாள், வைத்தாள். பிறகு என்னிடம் அமைதியாகச் சொன்னாள்:

"உண்மையானது சரியாம். ஆனா சும்மா நரியின்ர பலிக்காதாம். கூட்டத்துக்குத் தலைமை நரி எண்டு ஒண்டு இருக்காம். அதைப் பாத்து அடிக்கச் சொல்லியிருக்கிறன்."