கிண்டல் கதைக்குக் கிடைத்த பாராட்டு

உடன்குடிப் பெண் ஒருவர், தன் அபிமான நடிகரை முத்துக்குளிப்பவராக்கி இணையத்தில் தொடர்கதை எழுதுகிறார். கடலில் குதித்து எழுந்தாலும் நாயகனின் முடி கலையாது.

நேற்று அதைக் கிண்டல் செய்து நானும் ஒரு கதை போட்டேன். என் நாயகன் கடலுக்கடியில் நின்று தலை சீவுவான்.

இன்று காலை மனசு உறுத்தியது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

"உங்க கதையப் பாத்துத்தான் எழுதுனேன். வருத்தப்படாதீங்க" என்று செய்தி அனுப்பினேன்.

மதியம் துறைமுகம் போகும் பஸ்ஸில் இருந்தபோது பதில் வந்தது.

"எதுக்கு அண்ணாச்சி வருத்தம்? என்னப் பாத்து எழுத ஆரம்பிச்சிருக்கியளே, சந்தோசம்! மொத கதைன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். எழுத எழுத வந்துரும்."

பதினைந்து வருடமாக எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடட்டுமா, இல்லை நன்றியோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?