கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

கடலூர் முதுநகரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், விருத்தாம்பாள் முந்தானையை இழுத்துப் போனுக்கு நிழல் போட்டுக்கொண்டு கோலம் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். தாமரைக் கோலம், சிக்குக் கோலம், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கிறுக்கிய நட்சத்திரம், மாவு தீர்ந்து பாதியில் நின்றுபோன தேர். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் மறைக்கமாட்டாள். "நான் ஒரு கோலப் பைத்தியங்க" என்று அவளே சொல்லிவிடுவாள். எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பார்த்து முடித்துவிடுவாள். எல்லாக் கோலமும் வந்திருந்தால் பையிலிருந்து இஞ்சி மரப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். ஒன்று குறைந்தாலும் மரப்பா பையிலேயே இருக்கும்.

ஒரு கோலம் வந்தால், ஒரு பெண் அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டாள் என்று பொருள். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் இருப்பவர்கள் தினமும், ஆயுள் முழுக்க, அந்த மாத்திரையைப் போடவேண்டும். போட்டால் ஊரைப் போல உழைத்து, பிள்ளை பெற்று, பேரனும் எடுக்கலாம். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்குக் கிருமி அடங்காமல் போய்விடும். விருத்தாம்பாளும் மாத்திரைக்காரிதான். புருஷன் செத்த பிறகுதான் தனக்கும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. இப்போது சிதம்பரத்தில் இவர்களுக்காக நடக்கும் ஒரு சின்னச் சங்கத்தில் களப்பணி பார்க்கிறாள். யாராவது மாத்திரையை விட்டுவிட்டால் தேடிப்போய்ப் பேசி மறுபடி போடவைப்பதுதான் வேலை.

எந்த ஊருக்குப் போனாலும் தோளில் ஒரு நைட்டி மூட்டை இருக்கும். சங்கத்துக்காரி ஒரு வீட்டுக்கு வந்தாள் என்றால் தெருவே அந்த வீட்டைப் பார்க்கும். நைட்டிக்காரி வந்தால் விலைதான் கேட்கும். வெறும் வேஷம் இல்லை, விற்கவும் செய்வாள். "காட்டன்மா. சாயம் போவாது. போச்சின்னா இந்தக் கம்பத்துலயே என்னைக் கட்டி வெய்யி." சாயம் போகும். அது அவளுக்கும் தெரியும்.

முன்பு எல்லோரையும் போல இவர்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்தான் இருந்தது. அதில் குப்பு என்று ஒருத்தி. புதுப்பாளையத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். குரூப்பில் இருந்த இன்னொருத்தியின் அண்ணன் ஒருநாள் தங்கையின் போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். உள்ளே நம்பர்கள் இருந்தன, சிலதில் முகமும் இருந்தது. குப்புவின் முகத்தை அவனுக்குத் தெரியும், தினம் அங்கேதான் சாப்பிடுவான். யாரும் வந்து சண்டை போடவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. இட்லிக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று, அவ்வளவுதான். கொப்பரையில் வெந்த இட்லி ஆறி, மாலையில் மாட்டுக்குப் போனது. கொஞ்ச நாளில் வண்டியும் இல்லை, குப்புவும் இல்லை.

"வாட்ஸ்அப்பு மேல என்னா தப்பு இருக்குது? குரூப்புன்னா நம்பரு தெரியத்தான் செய்யும். நாமதான் தெரியக்கூடாதவங்க" என்பாள் விருத்தாம்பாள். அந்த வாரமே குரூப்பைக் கலைத்துவிட்டாள்.

சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மோனிகாதான் வேறு ஒரு ஆப்பைக் காட்டினாள்.

"நம்பரே கேக்காதுக்கா. பேரு ஒண்ணு வெச்சா போதும்."

"பொய்ப் பேரு வெக்கலாமாடி?"

"பொய்யாத்தான்கா வெக்கணும். காசும் கேக்காது, வெளம்பரமும் வராது. ஓப்பன் சோர்ஸ். அதை எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு யார் வேணா தொறந்து பாக்கலாம்."

"யார் வேணா பாக்கலாம்னா அப்புறம் என்னா எழவுக்கு?"

மோனிகா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். விருத்தாம்பாள் அதைத் தன் வழியில் பிடித்துக்கொண்டாள். இப்போது புதிதாக யாருக்குச் சொன்னாலும் அப்படித்தான் சொல்கிறாள்: "ஓட்டல்ல சமையக்கட்டு தொறந்து கெடக்குது. எண்ணெய் நல்லதா கெட்டதான்னு யார் வேணா எட்டிப் பாக்கலாம். ஆனா உன் எலையில என்னா இருக்குதுன்னு பக்கத்து எலைக்காரிக்குத் தெரியாது. புரிஞ்சிதா?" புரியாதவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "இதுல ஸ்டேட்டஸ் வெக்க முடியாதாக்கா?" என்று ஒருத்தி அழாத குறை. "நாத்தனாரு இதுல இல்லியே, யாருகிட்ட பேசறது?" என்று இன்னொருத்தி. "அவ இல்லாததுக்குத்தான்டி இது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பெயர்கள் மட்டும் உடனே கிடைத்தன. ஒருத்தி ராணி மிக்சி, ஒருத்தி கடலைமிட்டாய், ஒருத்தி டவுன்பஸ். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறவள் என்று விருத்தாம்பாளுக்குக் கண்டக்டர் என்று வைத்தார்கள். சட்டங்களை அவளே போட்டாள். முகம் கூடாது, குரல் கூடாது, ஊர் பேர் கூடாது. மாத்திரை என்ற சொல்லே கூடாது, கோலம் போதும். ஒரு வாரமானால் எல்லாம் தானாக அழிந்துவிடும்படி மோனிகா வைத்துக் கொடுத்தாள். யார் போனாவது வேறு கைக்குப் போனால் அந்தப் பெயரை அந்த நிமிஷமே நீக்கிவிட வேண்டும். ஆப்புக்குத் தனியாக ஒரு பூட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பாதிப் பேர் போட்டார்கள். பாதிப் பேர் மறந்துபோகும் என்று போடவில்லை.

செம்பருத்தி என்கிறவள் வந்தது அதற்குப் பிறகு. எங்கோ வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரியில், மாத்திரை வரிசையில் பக்கத்தில் நின்ற டவுன்பஸ் அவளைச் சேர்த்துவிட்டாள். பேர் என்ன என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உள்ளூரில் தெரிந்துவிடும் என்று, ஏதோ ஒரு விலாசம் கொடுத்து அவ்வளவு தூரம் போய் மாத்திரை வாங்குகிறவள்.

அவள் கோலத்தில் ஒரு வினோதம் உண்டு. கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைத்து முடிந்த பிறகு, ஒரே ஒரு புள்ளி மட்டும் வெளியே நிற்கும். ஒருநாள் விருத்தாம்பாள் கேட்டு எழுதினாள். "அந்தப் புள்ளி எதுக்குடி?"

"அது எங்க மாமியாருதான்கா. கொஞ்ச நேரம் வெளியிலயே நிக்கட்டும்."

அன்றைக்கு விருத்தாம்பாள் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டாள். நிஜக் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். தினமும் அந்தப் புள்ளியைத்தான் முதலில் தேடுவாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அந்தக் கோலம் வரவில்லை. மறுநாளும் இல்லை. எழுதிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் நின்றது. போன் அணைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அந்த வாரம் முழுக்க மரப்பா பையிலேயே கிடந்தது. வார முடிவில் மோனிகாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"உன் ஆப்புல ஆளத் தேட ஒரு வழியும் இல்லியாடி?"

"தேட முடியாதுன்னுதானேக்கா இதுக்கு வந்தோம்."

விருத்தாம்பாள் போனை எடுத்துப் பழைய கோலங்களைத் தள்ளிப் பார்த்தாள். படங்களும் அழிந்துகொண்டே வந்தன. இனி அவளிடம் இருந்தது மனசில் நின்றதுதான். கோலத்தின் ஓரத்தில் சில நாள் கரும்பின் காய்ந்த சோகை கிடக்கும். ஒருமுறை, "டிராக்டர்காரன் மிதிச்சிட்டுப் போயிட்டான்கா, ஆனா போட்டாச்சு" என்று குலைந்த கோலத்தையே அனுப்பியிருந்தாள். படத்தின் மூலையில் நீலம் அடித்த ஒரு படி தெரியும். படியில் மயில் போட்ட டைல்ஸ், மயிலுக்குத் தலை உடைந்திருக்கும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்கும் ஊர் என்றால் பக்கத்தில் நெல்லிக்குப்பம்தான்.

சங்கத்து வேலைக்கு வீடு தேடிப் போனாலும், இந்தக் குரூப்பில் யார் வாசலுக்கும் தேடிப் போவதில்லை என்று அவளே சட்டம் போட்டிருந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் நெல்லிக்குப்பம் வழியாகப் போகும் பண்ருட்டி பஸ் ஏறினாள்.

"நைட்டி… காட்டன் நைட்டி…" என்று கத்திக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். எல்லா வாசலையும் பார்த்தாள். தலை நிமிரவேயில்லை. வெயில் ஏறிய பிறகு, கரும்பு டிராக்டர்கள் நின்ற சாலைக்குப் பின்தெருவில், நீலப் படியும் தலையில்லாத மயிலும் கண்ணில் பட்டன. தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருந்தது. அந்த வாசலில் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. ஓரத்தில் பந்தல் பிரித்த மூங்கில் சாத்தியிருந்தது.

விருத்தாம்பாள் அங்கேயே நின்றாள். மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"ஏ நைட்டி, அங்க நிக்காத. எழவு வூடு" என்று எதிர்வீட்டு அம்மாள் கூப்பிட்டாள். பெயர் ராசம்மாளாம். ஒரு நைட்டியை விரித்து உதறிப் பார்த்துக்கொண்டே அவளாகவே சொன்னாள். "ஆம்பளப் புள்ள, நாப்பது வயசு ஆவல. இளைச்சி இளைச்சிப் போயிட்டான். ஊர்ல என்னென்னமோ பேசறாங்க, நமக்கெதுக்கு. இது எக்ஸ்எல்லா?"

"டபுள் எக்ஸ்எல்லுமா. சம்சாரம் இருக்குதா அவுருக்கு?"

"இருந்தா. மூணா நாளு காரியம் முடிஞ்ச அன்னிக்கே அவ மாமியாக்காரி மூட்டையக் கட்டி வெளியில வெச்சிட்டா. 'எம்புள்ளைக்கு நீதான்டி சீக்கக் குடுத்தே'ன்னு தெருவே கேக்கக் கத்தினா. எவன் எவளுக்குக் குடுத்தானோ! அவ அண்ணங்காரன் வந்து கூட்டிகினு போயிட்டான். விருத்தாசலத்துக்கு அந்தாண்ட எங்கியோ. எனக்கு ஊர் பேரு தெரியாது."

"போனுகூட எடுத்துகினு போவலியா?" கேட்ட பிறகுதான் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று விருத்தாம்பாளுக்கு உறைத்தது.

ராசம்மாள் அதைக் கவனிக்கவில்லை. "கொழுந்தன் புடுங்கிகினான். அதுல என்னமோ இருக்குதாம். பூட்டு போட்டிருக்காளாம். கடையில குடுத்துத் தொறக்கறேன்னு காலையிலதான் எடுத்துகினு போனான். ரேட்ட கொஞ்சம் கொறச்சிச் சொல்லு."

கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு விருத்தாம்பாள் கடலூர் பஸ் ஏறினாள். ஊர் எல்லை தாண்டவில்லை. போன் சிணுங்கியது. ஒற்றை டிக் இரட்டை டிக்காக மாறியிருந்தது. செம்பருத்தியிடமிருந்து செய்தி. 'அக்கா நல்லா இருக்கிங்களா. உங்க நம்பர் அனுப்பவும். வீடு எங்க. நேர்ல பாக்கனும்.'

அண்ணன்காரன் எப்படியோ போனை வாங்கிக் கொடுத்திருப்பானா? அப்படியும் இருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அவள் எழுதினாள்: 'கோலம் எங்கடி?'

இரண்டு மூன்று நிறுத்தம் போயிருக்கும். படம் வந்தது. பலவண்ணத்தில் பெரிய பொங்கல் பானை, இருபுறமும் கரும்பு, கீழே பூப்போட்ட எழுத்தில் 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்'. பொங்கல் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. புருஷன் செத்தவள் பொங்கல் பானைக் கோலமா போடுவாள்? விருத்தாம்பாள் படத்தை விரலால் விரித்து மூலை மூலையாகத் தேடினாள். வெளியே எந்தப் புள்ளியும் இல்லை.

அதற்குள் அந்தப் பெயர் குரூப்பிலும் கேட்டிருந்தது. 'எல்லாரும் எந்த ஊர்?' ராணி மிக்சி பாய்ந்து வந்து, 'செம்பருத்தி! வந்துட்டியாடி! எங்கடி போன? நான் இங்க' என்று பாதியில் அனுப்பிவிட்டு மேலே தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டுவது திரையில் மூன்று புள்ளிகளாகத் துடித்தது.

நீக்கிவிட்டால் குரூப் பிழைக்கும். ஆனால் செம்பருத்தி என்றைக்காவது எங்கிருந்தாவது திரும்பி வர, அந்தப் பெயரைத் தவிர வேறு வழி இல்லை. அவளுடைய நம்பர் யாரிடமும், டவுன்பஸ்ஸிடம்கூட, இல்லை. மாத்திரை கையில் இருக்கிறதா, மூட்டையோடு போயிற்றா, மாமியார் குப்பையில் கொட்டினாளா, யாருக்கும் தெரியாது. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. விருத்தாம்பாள் செம்பருத்தி என்ற பெயரின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். நீக்கவா என்று ஆப் கேட்டது. ஆம் என்றாள்.

'ஊர் பேரு எழுதாத' என்று ராணி மிக்சிக்கு ஒரு வரி போட்டாள். 'ஏன்கா? அவ எங்க?' என்று வந்தது. போனைப் பைக்குள் போட்டாள். கடலூர் வரும்வரை மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சிதம்பரம் போய், விருத்தாசலத்துக்கு அந்தாண்ட எத்தனை ஊர் இருக்கிறது என்று மோனிகாவைக் கேட்டாள். மோனிகா போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். விரித்துக்கொண்டே போனாள். "போதும், மூடு" என்றாள் விருத்தாம்பாள். அப்படியும் வாரத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் மூட்டையோடு போய்வருகிறாள். நைட்டி நன்றாக விற்கிறது.

இப்போதும் முதுநகரில் அவள் வீட்டு வாசலில் விடியும்போது கோலம் விழுகிறது. மாத்திரையைப் போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து குனிகிறாள். கோடு ஒரு புள்ளியையும் விடாமல் சுற்றி வந்து முடிகிறது. படம் எடுத்துக் குரூப்பில் போடுகிறாள். போனை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். பிறகு தெருவில் ஆள் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வைக்கிறாள்.