பேரன் எடுத்த சினிமாப் படிப்பும் பழவங்காடித் தேங்காயும்

இந்தப் பக்கத்தில் எழுத்துகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கோட்டாற்றில் தேங்காய் வியாபாரமே கதியென்று இருந்தவன் நான். நமது வாசகசாலையின் இரவுப் பள்ளியில் எழுதப் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது. நமது கையெழுத்துப் பத்திரிகையில் என் கையெழுத்தும் வரப்போகிற சந்தோஷத்தில், வரிக்கு ஒரு தடவை நிமிர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

சென்ற திங்கட்கிழமை திருவனந்தபுரம் போனேன். வலியசாலையில் இருக்கும் என் மகளுடைய மகன் ஆறுமுகம், இன்டர்மீடியட் தேறி, மதராஸில் சினிமாத் தொழில் படிக்க இடம் வாங்கியிருக்கிறான். படப்பிடிப்பு, ஒலிப்பதிவு என்று அங்கே இரண்டு பிரிவு. எதில் சேருகிறான் என்று அன்றைய தபாலில் எழுதிப் போட்டாக வேண்டும். அவன் ஒலிப்பதிவு என்று பிடிவாதம் பிடித்தான். கேமரா படித்தால், சினிமா கைவிட்டாலும் ஒரு போட்டோக் கடை வைத்துப் பிழைக்கலாம். சத்தத்தை வைத்து என்ன கடை போடுவது? அவனைக் கேமராவில் சேர்க்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

நாகர்கோவிலில் காலை ஆறு மணிக்கு பஸ். நாற்பத்திரண்டு மைல்; கட்டணம் திருவிதாங்கூர்க் காசில் இருபத்தொரு சக்கரம். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. நான் வழிநெடுகத் தமிழ்ப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே போனேன். பாறசாலை தாண்டி மலையாளப் பலகைகள் வந்த பிறகுதான் பக்கத்து சீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

வீட்டில் நுழைந்ததுமே மருமகன் சொன்னார்: "நான் சொல்லிப் பாத்தாச்சு மாமா. நீங்க சொன்னா கேப்பான்."

தபாலில் போடுமுன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம் என்று ஆறுமுகத்தோடு பழவங்காடிக்கு நடந்தேன். வழியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"சத்தத்துக்கு ஒரு படிப்பாலே? காது யாருக்குத்தான் கேக்காது?"

"கண்ணும் எல்லாருக்கும் தெரியத்தானே செய்யுது தாத்தா? பின்னே கேமராவுக்கு எதுக்குப் படிப்பு?"

வாய் மட்டும் வக்கீல் வாய். அதற்குள் கோயில் முக்குத் தேங்காய்க் கடை வந்துவிட்டது. பழக்க தோஷம், ஒவ்வொரு காயாக எடுத்துக் காதோரம் வைத்துச் சுண்டினேன், குலுக்கினேன், கீழே வைத்தேன். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது.

கடைக்காரர் மலையாளி. "அண்ணாச்சி, தேங்காகிட்ட ரகசியம் பேசித் தீர்ந்தோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பார்வைக்கு உம்ம காயெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு வேய். கண்ணால பாத்து வாங்கி நான் ஏமாறணுமா? தட்டிக் கேட்டாத்தான் உள்ள இருக்கது தெரியும்!"

சொல்லி முடித்துத் திரும்பினால், ஆறுமுகம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

"என்னலே சிரிக்கே?"

"ஒண்ணும் இல்ல தாத்தா. நீங்க கண்ணால பாத்தே வாங்குங்க."

நல்ல கணீரென்ற காயாக ஒன்று எடுத்து உடைத்தேன். பழுதில்லை. பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு, "தபாலாபீஸ் எங்கலே?" என்று கேட்டேன்.

"எந்தப் பிரிவுன்னு எழுதணும் தாத்தா?"

"கடையில நான் போட்ட கூப்பாடு ஒனக்குக் கேக்கல்லியா? நீ இதுல ராத்திரி பகலா படிச்சுக் கிழிக்கணும். நடுவுல திரும்பி வந்தா கோட்டாத்துல மூட்டை தூக்க விட்டுருவேன்."

ஒலிப்பதிவு என்று அவனே எழுதிப் போட்டான். சாயங்காலம் மருமகன் ஆபீஸிலிருந்து வந்து, "கேமராதானே மாமா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "உங்களை வரச்சொன்ன என்னைத்தான் சொல்லணும்" என்று தலையில் கை வைத்தார். மகள் அடுக்களையில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்தப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள், இன்டர்மீடியட்டிலேயே பௌதிகம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரிவையும் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். என்னைப்போல் பாதி தெரிந்துகொண்டு பஸ் ஏறாதீர்கள். தேங்காயை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், பழவங்காடியில் விலை அதிகம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆறுமுகம் திருவனந்தபுரத்தில் மதராஸுக்கு ரயில் ஏறுகிறான். வழியனுப்பப் போகிறேன். வண்டி நகரும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பதாக இருக்கிறேன். என் காதில் விழுந்ததையெல்லாம் அடுத்த வாரம் இதே பக்கத்தில், இதைவிட நேரான வரியில் எழுதுவேன்.