போதும் என்று சொல்லும் செல்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: கெட்ட சேதி டாக்டருக்கும் முன்னால் நமக்குத் தெரிந்துவிடும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நோய் எதிர்ப்பு செல்களை எண்ணும் மெஷினோடு பதினான்கு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிப் பழகியவர்கள் உங்களில் இருந்தால், நாமெல்லாம் ஒரே ஜாதி. நான் சொல்லப்போவது ஒரு குடும்பத்தைப் பற்றித்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

காலி மூலை

ஆறு வாரக் குழந்தையின் ரத்தம் வந்தது. ஆண் குழந்தை. நிற்காத வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் தோல் உரிகிறது, அந்த வயதிலேயே சர்க்கரை வியாதி. நம் ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் செல்கள் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவற்றுக்குத் தானாக நிறுத்தத் தெரியாது. "போதும், விடு" என்று அடக்குவதற்கென்றே தனியாக ஒரு சின்னக் கூட்டம் உண்டு. அந்த அடக்கும் செல்லுக்குள்ளே ஒரு புரதம் இருந்தால்தான் அதற்கு அந்த வேலை தெரியும். அந்தப் புரதத்துக்குச் சாயம் ஏற்றி மெஷினில் விட்டால், திரையின் வலது மேல் மூலையில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும்.

குழந்தைக்கு அந்த மூலை காலியாக இருந்தது. சாயம் கெட்டுப்போயிருக்கும் என்று புதுக் குப்பியை உடைத்தேன். அப்போதும் காலி. பக்கத்து மேஜை நாகராஜ் ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்து நீட்டினார், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ரத்தம் வேண்டுமே என்று. துமகூர்க்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். அவருடைய ரத்தத்தை விட்டதும் அந்த மூலையில் புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல வந்து மொய்த்தன. இரண்டு படத்தையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம மெஷின் சரியாத்தான் இருக்கு மேடம். கெட்டுப்போயிருந்தா நல்லா இருந்திருக்கும்."

தமிழ் தெரிந்தவர்

மறுநாள் வார்டிலிருந்து போன். குழந்தையின் அப்பா அம்மா ஓசூர் எல்லையோரத்து அத்திபெலேக்காரர்கள், தமிழ் மட்டும்தான் தெரியும், குழந்தையைப் பார்க்கும் டாக்டர் ஷுபாவுக்குத் தமிழ் வராது, கீழே வந்து கொஞ்சம் சொல்ல முடியுமா என்று. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழும் கன்னடமும் தகராறு இல்லை. தகராறு வேறு. இந்தப் படிப்பு முழுக்க நான் இங்கிலீஷில் படித்தது. அதில் ஒரு வார்த்தைக்குக்கூட எனக்கு வீட்டுத் தமிழ் தெரியாது.

அம்மா பெயர் சுமதி. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கணவர் முருகேசன், ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. முதல் பையனும் இப்படியேதான் ஐம்பதாவது நாளில் போனான் என்று அவர்தான் சொன்னார். ஓசூரில் பார்த்த டாக்டர், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். டாக்டர் ஷுபா சொல்லச் சொல்ல, தெரிந்தவரை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறைவில்லை, அடங்காமல் இருக்கிறது. சொந்தக் குடலையே, தோலையே தாக்குகிறது. அடக்கும் செல்கள் பிறக்கும்போதே இல்லை. மருந்தால் கொஞ்ச நாள் சமாளித்து, வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சுமதி குழந்தையின் நெஞ்சில் கை வைத்தாள். "இவ்ளோ சின்ன உடம்புல, இவனை இவனே அடிச்சுக்கிறானா?"

நார்மல்

அம்மாவின் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். மெஷினில் விட்டேன். மூலை நிறையப் புள்ளிகள், ஒரு குறையும் இல்லை. மாலையில் கவுண்டரில் சுமதி நின்றிருந்தாள். "என்னோடது எப்படி இருக்கு மேடம்?" என்றாள். டாக்டரைப் பாருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வருடத்தில் ஆயிரம் பேரிடம் சொன்னதுதான். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்து, இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். "நார்மல்மா" என்று சொல்லிவிட்டேன்.

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள். முதல் பிள்ளை போனதிலிருந்து, உன் வயிற்றில்தான் கோளாறு என்று வீட்டில் ஒரே பேச்சாம். "எனக்கு ஒண்ணுமில்லையாம் அத்தை. மெஷின்ல போட்டுப் பாத்துட்டாங்க" என்று சத்தமாகவே சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள். "கேன்டீன் எந்தப் பக்கம் மேடம்? இன்னிக்குச் சாப்பிடணும்போல இருக்கு."

ஓர் எழுத்து

பத்து நாள் கழித்து ஜீன் ரிப்போர்ட் வந்தது. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் நீளமான குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றம் சுமதியிடமும் இருந்தது. பெண்களுக்கு அந்தக் குறிப்பு இரண்டு பிரதி. ஒன்று பழுதானாலும் நல்ல பிரதியை வைத்து வேலை செய்யும் செல்கள் மட்டும் வளர்ந்து நிற்கும். அதனால்தான் என் மெஷினுக்கு அவள் நார்மலாகத் தெரிந்தாள். ஆண் குழந்தைக்கு ஒரே பிரதி, அதுவும் அம்மா கொடுப்பது. இதெல்லாம் நான் படித்த பாடம்தான். தெரிந்திருந்தும் அன்றைக்கு வாயை விட்டேன்.

சொன்னதைத் திருப்பி வாங்கும் வேலையும் எனக்கே வந்தது. டாக்டர் ஷுபா தன்னால் ஆனவரை மெதுவாகச் சொன்னார்: இது யார் தப்பும் இல்லை, உங்கள் உடம்பு நல்லதைத் தேர்ந்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை நான் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்து, "அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன், என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். முருகேசன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சுமதி அழவில்லை. "அப்போ நல்லதை நான் வெச்சுக்கிட்டு, கெட்டதைப் புள்ளைக்குக் குடுத்துட்டேனா மேடம்?"

வராத சாம்பிள்

பாதிதான் பொருந்தினாலும் முருகேசனே மஜ்ஜை கொடுக்கலாம் என்று முடிவானது. அதுவரை குழந்தையை மருந்தோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், வாராவாரம் ரத்தம் மட்டும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் சாம்பிள் வரவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் வராத சாம்பிள்கள் சிவப்பில் தெரியும், ஒவ்வொன்றுக்கும் போன் செய்து கேட்டுக் காரணம் எழுத வேண்டும். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். பெயரைச் சரியாகப் பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்துப் போன் போடுகிற பழக்கமும் இருக்கும்.

"லேப்லேர்ந்து பேசறோம், இந்த வார சாம்பிள் வரல" என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. யாரென்று அப்போதுதான் திரையைப் பார்த்தேன். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் முடிந்துவிட்டதாம். முருகேசன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நேத்துதான் பொதைச்சோம் மேடம். உங்க ரெஜிஸ்டர்ல என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க."

தங்கச்சி

ஏழெட்டு மாதம் கழித்து சுமதி வந்தாள். கூடவே அவள் தங்கை கவிதா, கல்யாணம் நிச்சயமான பெண். வீட்டில் யாருக்கும் இந்தப் பரிசோதனை பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று சுமதியின் அம்மா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். முருகேசன்தான் லீவு போட்டு, இருவரையும் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். "நான் அனுபவிச்சது போதாதா? தெரிஞ்சுக்கிட்டு கட்டிக்கட்டும்" என்றாள் சுமதி. கவிதா தலையைக் குனிந்துகொண்டே கையை நீட்டினாள்.

ரிப்போர்ட் வந்த அன்று நானாக ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் ஷுபாவிடம் அழைத்துப் போய், அவர் சொன்ன பிறகு சொன்னேன். கவிதாவிடம் அந்த எழுத்து மாறவில்லை. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுமதி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சந்தோஷம்தான், ஆனால் தட்டிய கையில் மட்டும்தான் அது தெரிந்தது.

கிளம்பும்போது கவுண்டருக்கு வந்தாள். "இது தப்பா இருக்காதே? எதை வெச்சு ஒத்துப் பாத்தீங்க?" என்று கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. குழந்தையின் ரத்தத்திலிருந்து எடுத்ததில் மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தோம் என்றேன். "அவனோடது இன்னும் இங்கே இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பெரிய கதவு போட்ட அந்த ஃப்ரீசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. "கரண்டு போனா என்ன பண்ணுவீங்க மேடம்?"

ஜெனரேட்டர் இருக்கிறது என்று உடனே சொன்னேன். பதினான்கு வருட அனுபவத்தில் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, டாக்டரைக் கேட்காமல், தப்பில்லாமல் நான் சொன்ன ஒரே பதில் அதுவாகத்தான் இருக்கும்.