சுளுக்கு எடுத்த கதை

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முந்தும். பிசியோதெரபி படித்தவளுக்கு இந்தக் குணம் ஆகாது என்று அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள்.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கபடி அணிக்கு மூன்று வருடம் பிசியோவாக இருந்தேன். ஐஸ் வைப்பது, மூட்டுக்கு டேப் ஒட்டுவது, ‘இன்றைக்கு நீ ஆடக் கூடாது’ என்று சொல்லி எல்லாரிடமும் ஏச்சு வாங்குவது, இதுதான் வேலை.

தாடிக்கொம்பில் நடந்த அந்த அரையிறுதிக்கு மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் அணியில் நத்தத்துக்காரி ஒருத்தி இருந்தாள். பாடிப் போனால் தொடாமல் திரும்ப மாட்டாள். மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் ஆகலாம் என்பதே அவளுக்கு எந்நேரமும் பேச்சு. ஜூனியரில் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் எதிரணிக்காரி ஒருத்தி அவள் கணுக்காலைக் கட்டிப் பிடித்தாள். இன்னொருத்தி பக்கவாட்டில் வந்து தொடைமேல் விழுந்தாள். முழங்காலுக்குள் ‘டப்’பென்றது. என் நாற்காலி வரைக்கும் கேட்டது.

ஓரத்தில் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே பிடித்து இழுத்துப் பார்த்தேன். மேசை டிராயர் மாதிரி எலும்பு முன்னால் வந்தது.

“எந்திரிக்காதத்தா. ஜவ்வு கிழிஞ்சிருச்சு,” என்றேன்.

கோச் ஓடி வந்தார். பழைய ஆட்டக்காரர். யாருக்குச் சுளுக்கு என்றாலும் தானே இழுத்துவிடுவார், அதில் பெருமை வேறு.

“சும்மா பயங்காட்டாதம்மா. சுளுக்குத்தேன். ஒரே இழுப்பு, செத்த நேரத்துல ஓடுவா பாரு.”

“சார், தொடாதீங்க!”

அவர் அவள் குதிகாலை இரண்டு கையாலும் பற்றி, ஒரு திருகு திருகி வெடுக்கென்று இழுத்தார். அவள் போட்ட அலறலில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டார். உதட்டைக் கடித்ததில் அவள் பல்லெல்லாம் ரத்தம்.

“யோவ், ஒனக்கு நான் எடுக்குறேன்யா சுளுக்கு!”

ஐஸ் பெட்டியைத் தூக்கி அவர் முதுகில் ஓங்கிப் போட்டேன். திரும்பியவர் என் கன்னத்தில் ஒன்று விட்டார். காது கொய்யென்றது. நானும் விடவில்லை. காலரைப் பிடித்து மூக்கில் குத்தினேன், ரத்தம் கொட்டியது. அவர் என் தலைமுடியைக் கொத்தாகப் பற்ற, நான் அவர் கையைக் கடித்தேன். நாலைந்து பேர் வந்து இழுத்தும் என் பல் விடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தாளை அடிக்க அடிக்க எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்போது இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினார்கள்.

திரும்பிப் பார்த்தால் படுக்க வைத்த இடத்தில் அவள் இல்லை. என் பையிலிருந்து டேப்பை எடுத்துத் தானே சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி ஆடுகளத்துக்குப் போயிருக்கிறாள். நான் பார்க்கும்போது நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா, வந்துரு! வந்துரு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒருத்தியைத் தொட்டுவிட்டாள். திரும்பக் காலை ஊன்றினாள், முழங்கால் மடங்கியது. எதிரணியில் நாலு பேர் அவள்மேல் விழுந்தார்கள். அவர்கள் எழுந்தபோது, கால் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கிக் கிடந்தது.

இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. நடப்பாள், ஓட முடியாது என்றார்கள். போலீஸ் வேலை அத்தோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, அவளைத் தேற்றுகிற நினைப்பில், “அந்தாளு மூக்க ஒடச்சிட்டேன்டி, தெரியும்ல?” என்றேன்.

அவள் கட்டுப் போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேங்க்கா. எல்லாரும் அங்கனதான் நின்னு பாத்தாங்க. எங்கிட்ட ஒருத்தருமில்ல. நீங்க என்னைய அமுக்கிப் பிடிச்சிருந்தா நான் போயிருப்பேனாக்கா?”