பதினாலாவது கேள்வி

மலைமேல் இருக்கும் கரியாலூரில் ரேஷன் கடை வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். திறக்கிற நாளில் காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம்வரை போய்விடும். அந்த வரிசைதான் எழில்மதியின் ஆராய்ச்சிக்கூடம்.

முதல் மாதம் அவள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். பத்து வீட்டில் எட்டு பூட்டிக் கிடந்தது. ஆட்கள் சாமைக் கொல்லையிலும் மரவள்ளிக் கொல்லையிலும் இருந்தார்கள். அலைந்து அலைந்து கால் ஓய்ந்த பிறகு, ஆட்கள் தாமாகவே வந்து நிற்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டாள். ஒருவர் உட்கார வேண்டியது, சம்மதம் சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டியது, வாயைத் திறக்க வேண்டியது. எழில்மதி சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து ஒவ்வொரு பல்லின் நிலையையும் சொல்லச் சொல்ல, ஊர் நர்ஸ் கமலா படிவத்தில் குறித்துக்கொள்வாள். பிறகு இருபது கேள்விகள். ஆளுக்கு ஏழு நிமிடம். வரிசையில் அவர்களுடைய இடம் போகாமல் பார்த்துக்கொள்வது கடைக்காரர் பொறுப்பு.

எழில்மதி வடக்கனந்தல்காரி. அப்பா அரங்கநாதன் கரும்பு வெட்டுகிறவர், அம்மா இருசம்மாள் களை எடுக்கிறவள். பல் மருத்துவம் முடித்து மேல்படிப்பில் பொதுச் சுகாதாரப் பிரிவை எடுத்திருந்தாள். அதில் பல்லைப் பிடுங்குகிற வேலை குறைவு. ஊரில் எத்தனை பேருக்கு எந்தப் பல் எதனால் போகிறது என்று கணக்கெடுக்கிற வேலை அதிகம். இதை இருசம்மாளுக்கு எப்படிச் சொல்லியும் புரியவைக்க முடியவில்லை.

"பல்லு டாக்டருக்குப் படிச்சிட்டு பல்லு புடுங்காம, பேப்பர எடுத்துக்கினு மலமலையா சுத்திக்கினு கீது எம்பொண்ணு" என்று கொல்லையில் சொல்லிச் சிரிப்பாளாம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்து முடித்து, படிவங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன அன்று எழில்மதிக்குப் பாதி படிப்பு முடிந்துவிட்ட நிம்மதி. அது இரண்டு நாள்தான் நீடித்தது. மூன்றாம் நாள் வழிகாட்டியான டாக்டர் விஜயலட்சுமி அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரே ஒரு தாள்.

"எழில், நூத்தி நாப்பது பேருக்கு வேர்வரைக்கும் சொத்தை. சரியா?"

"சரிங்க மேடம்."

"பதினாலாவது கேள்வி. கடந்த ஆறு மாதங்களில் உங்களுக்குப் பல் வலி ஏற்பட்டதா? ஆமான்னு சொன்னவங்க எத்தனை பேர்?"

எழில்மதி தாளைப் பார்த்தாள். பத்தொன்பது.

"நரம்புவரைக்கும் அழுகின பல்லை வச்சுக்கிட்டு இத்தனை பேர் வலியே இல்லைன்னு சொல்லியிருக்காங்க. இதைப் பார்த்தா வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் என்ன நினைப்பார்?"

அவர் என்ன நினைப்பார் என்பது எழில்மதிக்குத் தெரியும். முந்தைய வருடம் வேறொரு கல்லூரியில் ஒருவன் விடுதி அறையில் உட்கார்ந்தபடியே இருநூறு படிவங்களை நிரப்பி மாட்டிக்கொண்டான். பல்லைப் பார்க்காமலே எழுதியவனுக்கும் கேள்வியைக் கேட்காமலே "இல்லை" என்று கோடு போட்டவளுக்கும் பெரிய வித்தியாசம் யாரும் பார்க்கப்போவதில்லை.

"நான் கேட்டுத்தான் எழுதினேன் மேடம். ஒவ்வொருத்தரையும் கேட்டேன்."

"நம்புறேன்னு வச்சுக்கோ. ஆனா நான் கையெழுத்துப் போடணும்னா எனக்குக் காரணம் வேணும். அடுத்த திங்கட்கிழமைக்குள்ள. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. கையெழுத்து இல்லேன்னா ஆறு மாசம் தள்ளிப்போகும், தெரியும்ல?"

மறுநாள் மாலை கள்ளக்குறிச்சியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது எழில்மதியின் தலைக்குள் பதினாலு என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. மலைக்காரர்களுக்குத் தாங்கும் சக்தி அதிகமா? புகையிலை பல்லை மரத்துப்போக வைக்கிறதா? வெளியாளிடம் சொல்ல வெட்கமா? இருசம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே சோறு போட்டாள்.

"நேத்துலேர்ந்து பல்லு நோவுதுடி."

"உப்புத்தண்ணில கொப்பளிம்மா" என்றாள் எழில்மதி, தட்டைப் பார்த்தபடியே.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலையேறினாள். ரேஷன் கடை திறந்திருந்தது. பழைய படிவங்களில் வேர்வரை சொத்தை, ஆனால் வலி இல்லை என்று இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் வந்து உட்கார்ந்தவர் கரியன். நாற்பது வயது, நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய்.

"மறுக்காவா? போன தபாதான் எண்ணிக்கினு போனியே. ஒண்ணு ரெண்டு கொறையுதா?"

வரிசை சிரித்தது.

"ஒரே ஒரு கேள்விதாங்கண்ணா. இந்த ஆறு மாசத்துல பல் வலி வந்துச்சுங்களா?"

"வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இல்லன்னா இல்ல. இன்னா யோசிக்கிறது?"

வாயைத் திறக்கச் சொன்னாள். கீழ் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஓடு மட்டும் மிச்சம். கண்ணாடியின் விளிம்பு பட்டதுதான், கரியன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"ஐயையோ! நோவுது, நோவுது! எடு கைய!"

எழில்மதிக்குக் கோபமே வந்துவிட்டது. "இப்பதானங்கண்ணா வலி இல்லன்னீங்க?"

"வலி இல்லதான். நோவுது."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

பக்கத்துப் பெண்கள் வரிசையிலிருந்து கரியனின் மனைவி பழனியம்மாள் குரல் கொடுத்தாள். "எப்பிடிம்மா ஒண்ணாவும்? வலி வந்தா கொல்லை வேலைக்குப் போவ முடியுமா? நூத்தியெட்டுக்குப் போன் போட்டு வண்டில ஏத்திக்கினு கள்ளக்குறிச்சிக்கு இல்ல ஓடணும்? இந்தாளு அந்தப் பல்ல வச்சிக்கினு நாலு மாசமா கொல்லைக்குப் போய்க்கினு வந்துக்கினு கீறாரு. நோவுது நோவுதுன்னு என்னத்தான் தூங்க உடல."

அவளுக்குப் பின்னால் நின்றவள் விடவில்லை. "வலி பொம்பளைக்கு வர்றது. இவுருக்கு எங்கேர்ந்து வலி வரும்? இன்னா, புள்ளையா பெக்கப் போறாரு?"

புளியமரம்வரை சிரிப்பு போய்த் திரும்பி வந்தது. கரியனும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழில்மதி மட்டும் கையில் கண்ணாடியோடு அப்படியே நின்றாள்.

நோவு. அவள் வீட்டுச் சொல். பிறந்ததிலிருந்து பேசிய சொல். பல் மருத்துவம் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நோயாளியிடம் "எங்க நோவுது?" என்று கேட்டதற்கு உடன் படித்தவர்கள் ஒரு மாதம் அதே மாதிரி பேசிக் காட்டினார்கள். அந்த வாரமே அதை விட்டுவிட்டாள். ஆராய்ச்சிக்கு ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கியபோது "வலி" என்றுதான் கை எழுதியது. அதை இன்னொரு ஆசிரியர் மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்தார். போன சொல்லே திரும்பி வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் முப்பது பேரிடம் கேட்டுச் சோதித்ததிலும் சிக்கல் இல்லை. டவுன்காரர்கள் வலி என்றால் வலி என்றார்கள். மலையில் வலி என்பது பிரசவம் மாதிரி ஆளைப் படுக்கவைப்பது. படுக்காமல் கூடவே தூக்கிக்கொண்டு திரிகிறதெல்லாம் நோவு.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் எழுதவில்லை.

"கமலாக்கா, இனிமே நீங்க கேளுங்க. நான் கேட்டா, என் இஷ்டத்துக்குச் சொல்ல வச்சேன்னு ஆயிடும். ஒருத்தருக்கு வலிய முதல்ல கேளுங்க, அடுத்தவருக்கு நோவ முதல்ல கேளுங்க. நான் தள்ளி நின்னுக்கிறேன்."

"தள்ளின்னா எவ்ளோ தூரம்? டீக்கடைக்குப் போ. அப்படியே எனக்கும் ஒண்ணு வாங்கிக்கினு வா" என்றாள் கமலா.

ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு கமலா தன் போனில் குரலைப் பதிவுசெய்தாள். அன்றைக்கும் அடுத்த கடை நாளுக்குமாக அறுபது பேர். வலி வந்தது என்றவர்கள் நான்கு பேர். நோவு வந்தது என்றவர்கள் நாற்பத்தொன்பது.

திங்கட்கிழமை டாக்டர் விஜயலட்சுமி எண்களைப் பார்த்தார். "ரெக்கார்டிங் இருக்கா?" என்றார். கமலா அனுப்பிய பதிவுகள் இருந்த தன் போனை எழில்மதி மேசைமேல் வைத்தாள். முதல் நான்கு குரல்களை மேடம் முகம் மாறாமல் கேட்டார். ஐந்தாவது ஒரு பெண் குரல்.

"வலியா? எனக்கு இன்னா வயசாவுது, இனிமேட்டு வலி வர்றதுக்கு? ஏன் கமலா, பல்ல பாக்க வந்தியா, பிரசவம் பாக்க வந்தியா?"

டாக்டர் விஜயலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் பயனில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எழில்மதிக்கு ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அவளும் சிரித்தாள், நடுவில் கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை மேடம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"உங்க வீட்ல என்ன சொல்வீங்க? வலியா, நோவா?"

"நோவுன்னுதாங்க மேடம்."

"அப்புறம் ஏன் வலின்னு போட்ட?"

"கேள்வித்தாள்னா அப்படித்தான் எழுதணும்னு நெனச்சேன்."

மேடம் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நானும் அப்படித்தான் நினைச்சேன். படிச்சுப் பார்த்து ஓகே பண்ணது நான்தானே. சரி, முந்நூத்திப் பன்னிரண்டு பேரையும் இந்த ஒரு கேள்வி மட்டும் மறுபடி கேட்டாகணும். நெறிமுறைக் குழுகிட்ட நான் இன்னைக்கே பேசுறேன். நாள் இருக்கா?"

"நாலு கடை நாள் இருக்குங்க மேடம்."

"என்ன நாள்?"

"ரேஷன் கடை, மேடம்."

முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர் கிடைத்தார்கள். மற்றவர்கள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். நோவு கண்டவர்கள் நூற்று எண்பத்தேழு பேர். முதலில் வாங்கிய பதில்களையும் எழில்மதி மறைக்காமல் எழுதினாள். தான் செய்த தப்புக்கே தனியாக ஓர் அத்தியாயம். சொத்தை அதிகமாக இருந்தவர்களுக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். கரியன் போய்ப் பல்லை எடுத்துக்கொண்டு வந்து, காகிதத்தில் மடித்து அவளிடமே நீட்டினார். "எண்ணிக்கோ. அப்பறம் ஒண்ணு கொறையுதுன்னு தேடிக்கினு வராத."

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கையெழுத்து விழுந்தது. அட்டை போட்ட புத்தகத்தோடு எழில்மதி வடக்கனந்தலுக்கு வந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். இருசம்மாள் முழுவதும் கேட்டாள்.

"அடியே, வலி வேற நோவு வேறன்னு கண்டுபுடிக்கவா இத்தினி வருஷம் படிச்ச? என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே."

"நீ அன்னிக்கே சொன்னம்மா. நான்தான் காதுல வாங்கல."

"நான் இன்னா சொன்னேன்?"

எழில்மதி பையிலிருந்து கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தாள். அம்மாவை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி உட்காரவைத்து, தாடையை லேசாக உயர்த்தினாள்.

"வாயத் தொற. எங்கம்மா நோவுது?"