மேடம் காத்திருந்த விரிசல்

மங்கையர்க்கரசி மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் குளத்தூர்ப் பக்கம் தார் போடும் இடத்தில் நின்றிருந்தேன். சூடான கலவையைக் கொட்டியாகிவிட்டது. அது ஆறுவதற்குள் ரோலர் ஓடியாக வேண்டும். "அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டேன். வேலை முடிந்த பிறகுதான் அழுதேன். அவரைத் தெரிந்து இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் இதை மன்னித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திய அவர், தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் சாலையை நம்பினார். தார்க்கலவையில் எண்ணெய் அடைத்த சிறு குளிகைகளைச் சேர்ப்பார். விரிசல் விட்டால் குளிகை உடையும். எண்ணெய் கசிந்து, இறுகிய தாரை இளக்கிப் பிளவை ஒட்டவைக்கும். வல்லத்திராக்கோட்டை சாலையில் ஒரு துண்டு அவருடைய சோதனைக்குக் கிடைத்தது. அந்தச் சாலையைப் பராமரிக்கும் நெடுஞ்சாலைத் துறை ஆய்வாளன் நான். "மேடம் ரோட்டுக்கே தாளிச்சுக் கொட்டுறாங்க" என்று எங்கள் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். "வாசம் வந்தா சொல்லுங்க, சாப்பிட வாரேன்" என்பார்.

என் வேலையில் விரிசல் என்றாலே மெமோதான். அவரோ அடிக்கடி வந்து குனிந்து பார்த்து, "இன்னும் வெடிக்கலையே சார்" என்று வருத்தப்படுவார். "ரோடு வெடிக்கணும்னு வேண்டிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தாங்க மேடம்" என்பேன்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது முதல் விரிசல் விட்டது. அந்த நேரம் பார்த்து மேலதிகாரிகள் அந்த வழியாக வருவதாகத் தகவல். பெரியவர்கள் வந்தால் வழி நெடுகப் பூசி அடைத்துவிடுவது எங்கள் வழக்கம். மேடத்தின் சாலையை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று நானே பக்கத்தில் நின்று தார் ஊற்றி அடைக்க வைத்தேன். அதைப் பெருமையாக அவரிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வெடிச்சுருச்சா? எங்கிட்டு சார்?" அப்படியொரு சந்தோஷம் முகத்தில். அடைத்துவிட்டதைச் சொன்னதும் மறுபடி சாய்ந்து படுத்துக்கொண்டார். பிறகு, "எனக்காகத்தானே செஞ்சீங்க, விடுங்க. அடுத்தது வரும். அதை மட்டும் தொட்டுராதீங்க சார்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

கருமாதிக்குப் போய்த் திரும்பும் வழியில் அடுத்ததைப் பார்த்தேன். தார் டின்னோடு வந்த எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, சாலையோரம் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்கும் அந்தப் பழக்கம்தான்.

அந்த விரிசலில் முதலில் நகம் நுழைந்த இடத்தில் நேற்று நுழையவில்லை. "மூடிருச்சுங்க மேடம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். முதல் விரிசலில் நான் கை வைக்காதிருந்தால், இதை அவர் காதுபடச் சொல்லியிருப்பேன்.